கண்ணாடிப் பெட்டியும் நாலாவது இயலும்

இல்லை, என் மகள் ரோபோ செய்கிறவள் இல்லை. கதைப் புத்தகங்களில் ரோபோ வந்தால், அங்கே மனிதன் எதுவரைக்கும் மனிதன், எங்கிருந்து இயந்திரம் என்று தோண்டிப் பார்க்கிறவள். அதற்கு டாக்டர் பட்டம் தருவார்களாம். ஊசி போடாத டாக்டர். ஐந்தாவதோடு நின்ற எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

ஏழு வருடமாக அதைத்தான் எழுதுகிறாள். "புத்தகத்த ஏழு வருசமா சுமக்கிறா, புள்ளைய ஏழு மாசத்துல இறக்கிட்டா" என்பாள் அவள் அம்மா. பேத்தி அவசரக்காரி. பிறந்தபோது ஒன்றரைக் கிலோதான். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். இப்போது மூன்று கிலோவைத் தொட்டுவிட்டாள். நான் கொட்டாவி விட்டால் அவளும் விடுகிறாள். பார்க்க இரண்டு கண் போதவில்லை.

மகளுக்குத்தான் மூச்சு முட்டுகிறது. ஒரு கட்டில், ஒரு மேஜை, ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். குழந்தையைக் கீழே விட்டால் அழுகை. நெஞ்சில் சாய்த்தபடியே மடிக்கணினியில் ஒரு விரலால் தட்டுகிறாள். பல்கலைக்கழகம் இரண்டு தடவை தவணை கொடுத்தாயிற்று. இந்த வெள்ளிக்கிழமை அனுப்பாவிட்டால் பதிவு ரத்து. ஏழு வருடமும் ஆற்றில் கரைத்த புளி.

இதில் நாலாவது இயல் வேறு காலை வாரிவிட்டது. இயந்திரம் பிள்ளை வளர்க்கிற கதைகளைப் பற்றியது அது. சூடு கொடுத்து, மூச்சைக் கவனித்து, உயிரைக் காப்பாற்றுகிற இயந்திரமும் தாய்தான், ஒரு வித்தியாசமும் இல்லை என்று வயிற்றில் பிள்ளையோடு எழுதி முடித்தாள். அப்புறம் வந்தது அந்தப் பதினெட்டு நாள். பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விட்டு, பிள்ளையின் சுண்டுவிரலைத் தொட்டுக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்து அந்த இயலைத் திறந்தவள் உடனே மூடிவிட்டாள்.

"பொய்யா எழுதிட்டேன்ப்பா."

"அந்தப் பெட்டிதானேம்மா காப்பாத்துச்சு?"

"காப்பாத்துச்சு. அதான் பொய்னும் சொல்ல முடியல."

செவ்வாய்க்கிழமை, அவள் அனுப்பியிருந்த பிரதியைப் படித்துவிட்டு அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியை போன் செய்தார். கை ஒழியாததால் மகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல, 'இடது நாப்பது மில்லி, வலது முப்பத்தஞ்சு, கக்கிட்டா'ன்னு இருக்கே. இது எந்த நாவல்ல வருதும்மா?"

பம்பில் எடுக்கிற பாலின் அளவைக் குறித்துவைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். தூக்கக் கலக்கத்தில் நாலாவது இயலைத் திறந்து அதற்குள்ளேயே தட்டியிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"மேடம், அந்த இயலையே மாத்தி எழுதட்டுமா?"

"மூணு நாள்லயா? அஞ்சாவது இயல் அது மேலதான் நிக்குது. கைய வச்சா மொத்தமும் சரிஞ்சிடும். பால் விவரத்த மட்டும் எடுத்துட்டு அனுப்பு."

எடுத்தாள். அந்தப் பக்கத்திலேயே உண்மையாக எழுதியது அது ஒன்றுதான் என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்தாள்.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் காபி கொண்டுபோனேன். பேத்தி அவள் மேல் தூங்கிக்கொண்டிருந்தாள். மடிக்கணினி மூடியிருந்தது.

"அனுப்பிட்டேன்ப்பா. இனிமே கேள்வி கேக்க நாலு பேர் உக்காருவாங்க, அந்த இயல் சரின்னு நான் வாதாடணும். தப்புன்னு வாதாடச் சொன்னா பிச்சு உதறிடுவேன்."