ரீசெட் அக்கா ஆடிட்டர் ஆனார்

காப்பீட்டு நிறுவனத்தின் தரைத்தளத்தில், லிஃப்டுக்கு எதிரே இருந்த உதவி மேசைதான் அவருடைய இடம். பாஸ்வேர்டு மறந்தவர்கள், பிரிண்டரோடு மல்லுக்கட்டி ஓய்ந்தவர்கள் எல்லோரும் அங்கேதான் வந்து நிற்பார்கள். "அக்கா, ஒரு ரீசெட்" என்று கேட்டுக் கேட்டு, அவர் பெயரே ரீசெட் அக்கா ஆகிவிட்டது.

ஒரு விஷயம் அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. வேலையை விட்டுப் போனவர்களின் கணினிக் கணக்குகளை யாரும் மூடுவதில்லை. கணினிப் பிரிவு மேலாளரிடம் பலமுறை சொன்னார். "பாத்துக்கலாம்மா" என்பார் அவர். பார்த்ததே இல்லை.

தணிக்கைப் பிரிவில் ஆள் எடுத்தபோது விண்ணப்பித்தார். பிரிவுத் தலைவர் பூசி மெழுகவில்லை.

"உங்களுக்கு விஷயம் தெரியும்மா. ஆனா வெளியிலேர்ந்து சோதிக்க வர்றவங்க, உங்க ஆளுக்குச் சான்றிதழ் இருக்கான்னுதான் முதல்ல கேப்பாங்க. தகவல் அமைப்புத் தணிக்கைப் பரீட்சையைப் பாஸ் பண்ணிட்டு வாங்க. அப்புறம் உங்களை வேணாம்னு சொல்ல எனக்குக் காரணமே இருக்காது."

வீட்டில் இரண்டு பிள்ளைகள் போடும் கூச்சலில் படிப்பு ஏறவில்லை. கணவர் பேருந்து ஓட்டுநர். விடுமுறை நாட்களில் அவருடைய பேருந்திலேயே ஏறி, பின் இருக்கையில் புத்தகத்தோடு உட்கார்ந்து, கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்புவார். கையில் பேனாவும் முகத்தில் கடுகடுப்புமாக இருந்தவரைப் பார்த்து, டிக்கெட் பரிசோதகர் என்று நினைத்து, சிலர் கேட்காமலேயே டிக்கெட்டை எடுத்து நீட்டினார்கள்.

முதல் முறை தோற்றுப்போனார். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

கணவர் கதவைத் தட்டினார். "லைசென்ஸ் டெஸ்ட்ல ரெண்டு தடவை ஊத்திக்கிட்டவன் நான். என் பஸ்ல ஏறுற யாராவது இன்னிக்கு அதைக் கேக்கறாங்களா? வெளிய வா, தொட்டித் தண்ணி தீர்ந்துடும்."

பிழை எங்கே என்று கண்டுபிடித்தது, செவிலியராக இருந்த நாத்தனார். மாதிரிக் கேள்விகளை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அண்ணி, எந்தக் கேள்வி கேட்டாலும் நீங்க ஓடிப்போய் சரிபண்றீங்க. இங்க உங்களைச் சரிபண்ணவா சொன்னாங்க?"

சுருக்கென்றது. இத்தனை வருடமும் கோளாறைக் கண்டால் கை தானாகப் போய்ச் சரிசெய்துவிடும். தணிக்கையாளரின் வேலை வேறு. கேட்க வேண்டும், ஆதாரம் பார்க்க வேண்டும், இதனால் என்ன கெடும், யார் பொறுப்பு என்று எழுத வேண்டும். பாடத்தை முதலிலிருந்து அந்தக் கண்ணோடு படித்தார். அடுத்த முறை தேறினார்.

சான்றிதழ் கைக்கு வர, பரீட்சையோடு வேலை அனுபவமும் காட்ட வேண்டும். அதற்குச் சான்றளித்துக் கையெழுத்துப் போட்டவர் அதே கணினிப் பிரிவு மேலாளர்தான். "எப்பம்மா படிச்சீங்க?" என்று வாய்பிளந்தார்.

"நீங்க பாத்துக்கலாம்னு சொன்ன நேரத்துலதான் சார்."

மேலாளரும் சிரித்துவிட்டார்.

தணிக்கைப் பிரிவில் சேர்ந்ததும் முதல் வேலையாக அந்தப் பழைய கணக்குகளைத்தான் எடுத்தார். இயக்குநர் இருந்த கூட்டத்தில் சொன்னார்: "கேக் வெட்டி வழியனுப்பின ஒருத்தர் பேர்ல போன வாரமும் கோப்புகள் ஒப்புதல் ஆகியிருக்கு. அவர் இடத்துக்கு வந்தவருக்குத் தனிக் கணக்கு தரல. பழைய பாஸ்வேர்டுலயே வேலை பாக்கறார். இதுவரைக்கும் தப்பு நடக்கல. நாளைக்கு நடந்தா யார் செஞ்சாங்கன்னு நம்மால சொல்ல முடியாது."

இயக்குநர் மேலாளர் பக்கம் திரும்பினார். "இந்த வாரத்துக்குள்ள எல்லாத்தையும் மூடுங்க."

வருடக்கணக்கில் காற்றோடு போன அதே பேச்சு, அன்று உத்தரவாயிற்று. வீடு திரும்பும் வழியெல்லாம் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு வேறொரு நிறுவனம், சான்றிதழைப் பார்த்துவிட்டு அவரை வேலைக்கு அழைத்தது. விஷயம் காதுக்கு எட்டியதும் தணிக்கைத் தலைவர் பதறிப்போய்ப் பதவி உயர்வு ஆணையோடு நேரில் வந்தார். ஒரு குழுவே அவர் பொறுப்பில் வந்தது.

குழுவோடு முதன்முதலாகப் போன கிளையில் மேலாளர் எழுந்து நின்று வரவேற்றார்.

"உக்காருங்க சார். சர்வர் அறைச் சாவி ஒருத்தர்கிட்டதான் இருக்கணும். யார்கிட்ட இருக்கு?"

மூன்று பேர் ஒரே நேரத்தில் சட்டைப்பைக்குள் கையை விட்டார்கள்.

"சரி, இங்கேர்ந்தே ஆரம்பிக்கலாம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் தணிக்கையாளர்.