கரித்தாளில் ஒரு பருத்தி இழை

மாமாவின் பனியன் கம்பெனிக்குள் நுழைந்தால் முதலில் மூக்கு அரிக்கும். பிறகுதான் மிஷின் சத்தம் காதில் ஏறும். டியூப் லைட், ஃபேன் இறக்கை, காலண்டர் முருகர்... எல்லாவற்றின் மேலும் மெல்லிசாகப் பஞ்சு படிந்திருக்கும். பல்லடத்தில் பஸ் ஏறும் முன் அம்மா என் தலையிலிருந்து அதைப் பொறுக்கி எடுப்பார்.

அப்போது நான் கோயம்புத்தூரில் எம்.எஸ்சி. கடைசி வருஷம். ஃப்யூயல் செல்தான் பிராஜெக்ட். ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று உள்ளே போகும். மின்சாரமும் தண்ணீரும் வெளியே வரும். அதற்குள் கரி இழைகளாலான ஒரு தாள், அதன்மேல் பிளாட்டினம் கலந்த கறுப்புப் பூச்சு. தாளின் நுண்துளைகள் அடைத்துக்கொண்டால் செல் மூச்சுத் திணறிப்போகும்.

துளைகளைப் பார்க்க வேண்டும் என்று தாளைக் கிழித்தால் அவை நசுங்கிவிடும். அதனால் டோமோகிராபி. ஆஸ்பத்திரி சிடி ஸ்கேன் போலத்தான். சாம்பிளைச் சுற்றவிட்டு எக்ஸ்ரே எடுத்தால், கம்ப்யூட்டர் அதன் உள்ளே இருப்பதை அடுக்கடுக்காகக் காட்டும்.

தாள்களுக்குப் பூச்சு போட்டது ரேவதி அக்கா, பிஎச்.டி. சீனியர். எட்டுத் தாள், மூன்று மாத உழைப்பு. அதில் ஒரு துண்டை என் கையில் கொடுத்து, "பத்திரம்டி" என்றாள். திங்கட்கிழமை சென்னையில் ஒரு ஆய்வுக்கூடத்தில் ஸ்கேன் செய்ய எங்கள் கைடு சாருக்கு அரை நாள் கிடைத்திருந்தது. அதற்குள் நான் சாம்பிளைப் பொட்டு அளவு வட்டமாக வெட்டித் தர வேண்டும்.

கத்திரியில் வெட்டினால் ஓரம் நொறுங்கியது. ஞாயிற்றுக்கிழமை மாமா கம்பெனியில் ஹூடிகளுக்கு ஐலெட் என்ற உலோக வளையம் வைத்துக்கொண்டிருந்தார்கள். கயிறு கோக்கும் ஓட்டையைப் போட ஒரு இரும்புக் குழல் கட்டர். வைத்து, சுத்தியலால் ஒரு தட்டு. சுத்தமான வட்டம்!

"ஏங் கண்ணு, உங்க காலேஜுல இது கூடவா இல்ல?" என்றார் செக்கிங் டேபிள் சரோஜாக்கா.

"இல்லீங்க்கா."

"அப்ப ஹூடிக்கு ஓட்ட போடறதுலதான் கரண்டு வருதாக்கும்!"

சிரித்துக்கொண்டே கட்டரைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினேன். நீல நிறத் துணிப்பொட்டுகள் உதிர்ந்தன. கரித்தாளில் மூன்று வட்டம் வெட்டினேன். ஒன்று சாரோடு சென்னைக்குப் போனது. மற்ற இரண்டும் ஒரு மாத்திரை டப்பாவில் இருந்தன.

அடுத்த வாரம் சார் ஹார்ட் டிஸ்க்கோடு வந்தார். மூன்று பேரும் திரை முன்னால் உட்கார்ந்தோம். ஈர்க்குச்சிகளை வாரி இறைத்ததுபோல் நேர் நேராகக் கரி இழைகள். அடுக்கு அடுக்காக உள்ளே இறங்கினோம். வட்டத்தின் ஓரமாக ஓரிடத்தில் சார் மவுஸை நிறுத்தினார். பூச்சுக்குள் தட்டையாக ஒரு நாடா, தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு கிடந்தது.

"பூசும்போதே ஏதோ விழுந்திருக்குங்க, ரேவதி. இந்த பேட்ச நம்ப முடியாது. புதுசா பண்ணிருங்க."

ரேவதி அக்கா கழுத்துத் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

நான் அந்த நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நூல் தகராறில் மாமா வாங்கிவந்த லேப் ரிப்போர்ட்டில் இதே போன்ற நாடாவைப் பெரிதாக்கிய படமாகப் பார்த்திருக்கிறேன். அது பருத்தி...

சொல்லவில்லை. 'நிச்சயமாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது?' என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எக்ஸ்ரே படத்தில் நிறம் தெரியாது அல்லவா? ஊருக்குப் போகும் பஸ்ஸில் காரணம்பேட்டை தாண்டியதுகூடத் தெரியவில்லை. சாப்பிடவும் முடியவில்லை.

மறுநாள் காலை மாத்திரை டப்பாவில் இருந்த ஒரு வட்டத்தை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். கறுப்புப் பூச்சின் ஓரத்தில் அழுந்திக் கிடந்தது ஒரு இழை. நீலம்.

சார் அறைக்கு ஓடி, கட்டரிலிருந்து ஒட்டிய பருத்தி அது என்று சொன்னேன்.

"எந்தக் கட்டருங்க?"

"ஹூடிக்கு ஐலெட் ஓட்ட போடறதுங்க, சார்."

"தொடச்சீங்களா?"

"தட்டினேனுங்க, சார்."

"தட்டினீங்க..." என்று சார் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "ஓரத்த விட்டுட்டு நடுப்பகுதிய மட்டும் அனலைஸ் பண்ணுங்க. ஆனா ரிப்போர்ட்ல இத எழுதோணும். மொதல்ல போயி ரேவதிகிட்டச் சொல்லுங்க" என்றார்.

ரேவதி அக்கா கையுறையோடு சிங்க் பக்கம் நின்றிருந்தாள். பக்கத்தில் ஒரு பெரிய பீக்கர். பிளாட்டினத்தையாவது மீட்கலாம் என்று காலையிலேயே நான்கு தாளை அமிலத்தில் போட்டுவிட்டிருந்தாள். ஐந்தாவது அவள் கையில் இருந்தது.

சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. ஐந்தாவது தாளை மெதுவாக உறைக்குள் திரும்ப வைத்தாள்.

"நேத்தே தெரியுமா உனக்கு?"

"சந்தேகம் இருந்துச்சுங்க்கா."

"சந்தேகம்னாச்சும் சொல்லியிருக்கலாமில்லடி..."

அவ்வளவுதான் கேட்டாள்.

மீதித் தாள்களை வைத்து அவள் வேலையைத் தொடர்ந்தாள். அமிலத்தில் போன நான்கை மறுபடி செய்ய ஒன்றரை மாதம் ஆனது. ஒவ்வொரு நாளும் பூச்சு காயும் வரை நானும் பக்கத்தில் நின்றேன். அவள் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

இப்போது வேறு ஊர், வேறு லேப். வாசலில் காலடித் தூசியை இழுத்துக்கொள்ளும் ஒட்டு விரிப்பு. வெட்டும் கருவியை ஒவ்வொரு முறையும் ஆல்கஹாலில் துடைக்கிறோம். என் தலையில் பஞ்சு இல்லை. பொறுக்கி எடுக்க அம்மாவும் பக்கத்தில் இல்லை.

ஆனாலும் ஒவ்வொரு ஸ்கேனையும் திறக்கும்போது அந்த நாடாவைத்தான் தேடுகிறேன். முதல் அடுக்கிலிருந்து கடைசி வரை இறங்கி முடிக்கும்வரை எழுந்திருப்பதில்லை. லேசாக எதுவும் வளைந்து தெரிந்தால்கூட, அது என்னவென்று பார்ப்பதற்கு முன்பே சாம்பிள் செய்தவரை போனில் கூப்பிட்டுவிடுகிறேன். போன மாதம் அப்படிக் கூப்பிட்டேன். கடைசியில் அது வெறும் நிழல். கூட வேலை செய்பவர்கள் சிரித்தார்கள்.

சிரிக்கட்டும். போனின் அந்தப் பக்கம் ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டு பீக்கர் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கலாம்.