பூப் பெயர் சொல்லி எண்ணிய ஒரு மணி நேரம்

துளசிக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு மணி நேரம். மேகம் மறைக்காத, வெளிச்சம் படாத, கண் வானத்தை விட்டு இறங்காத ஒரு முழு மணி நேரம். ஆறு டிசம்பராக அது அவளுக்குக் கிடைக்கவில்லை.

மலேசியாவில், பேராக் மாநிலத்து ஈப்போவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. கையுறைக்குள் காற்றை ஊதி, விளக்குக்கு நேரே பிடித்து, எங்காவது ஓட்டை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அதே தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேனை ஓட்டுகிறவர் அவளுடைய அண்ணன் யுகேந்திரன். ஒரு டிசம்பர் விடியலில் அந்த வேன் கோலா கங்சார் சாலையில் பஞ்சராகி நின்றது. மற்றப் பெண்கள் உள்ளே தூங்க, துளசி மட்டும் இறங்கிச் சாலையோரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள். வானத்தில் ஒரு கோடு இழுத்தது போல நட்சத்திரம் ஒன்று விழுந்தது. சற்றைக்கெல்லாம் இன்னொன்று. மூன்றாவதையும் பார்த்தவள், டயரை மாட்டி முடித்த பிறகும் வேனில் ஏறவில்லை. அன்று தாமதத்துக்காகத் திட்டு வாங்கியது யுகேந்திரன்தான்.

ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திய பெண். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளைப் படித்து ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டாள். விழுவது நட்சத்திரமே அல்ல; பூமி தன் பாதையில் ஆண்டுதோறும் அதே நாட்களில் ஒரு தூசிப் பட்டையைக் கடக்கிறது, அந்தத் தூசிதான் எரிந்து விழுகிறது. டிசம்பர் நடுவில் வருகிற விண்கல் பொழிவு புனர்பூச நட்சத்திரத்தின் பக்கமிருந்து புறப்படுவது போலத் தெரியும். உலகமெங்கும் ஆர்வலர்கள் ஒரு மணி நேரம் படுத்து எண்ணி, அந்த எண்ணிக்கையை ஆய்வாளர்களுக்கு அனுப்பி வைக்கிறார்கள். டிசம்பர் மழையில் நம் பக்கத்திலிருந்து அநேகமாக எதுவும் போவதில்லை.

"பேராக்லேருந்து ஒண்ணாவது போகணும்ணே" என்று அன்று முடிவெடுத்தவள்தான்.

ஆறு வருடமும் மழை, மேகம். ஒரு வருடம் நாற்பது நிமிடம் எண்ணிவிட்டாள். அதற்குள் ஒரு லாரி விளக்கைப் போட்டுக்கொண்டு வந்து நின்றது.

"நாப்பது நிமிஷம் பத்தாதா? அனுப்பிடேன்லா" என்றார் யுகேந்திரன்.

"சின்ன ஓட்டதானேன்னு நான் கையுறைய பாஸ் பண்ணுவேனாண்ணே?"

அவர் வேனைக் கிளப்பினார்.

இந்த வருடம் பொழிவு அமாவாசையை ஒட்டி வந்தது. அடுத்த வருடம் முழுநிலா வந்து கெடுத்துவிடும். இருவரும் பிறந்த தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் பழைய செம்பனையை வெட்டிப் புதுக்கன்று நட்டிருந்தார்கள். முழங்கால் உயரக் கன்றுகள். வானம் முழுசாகத் திறந்து கிடந்தது. இன்னும் இரண்டு வருடத்தில் மட்டைகள் வளர்ந்து மறைத்துவிடும். ஆகவே இந்த முறை விட்டால் இல்லை என்று துளசிக்குத் தெரியும்.

தோட்டத்து ஜாகா, அதாவது காவல்காரர், அப்பாவுவிடம் யுகேந்திரன் பேசி வைத்தார். செம்பனைக் குலை திருடர்களைப் பிடிக்க இரவெல்லாம் சுற்றுகிறவர் அவர். "நானும் கூட இருக்கேன், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றார். தொழிற்சாலையில் துளசிக்குப் பக்கத்து மேசையில் நிற்கும் மங்களமும் கிளம்பிவிட்டாள்.

நள்ளிரவு தாண்டி, கன்றுகளுக்கு நடுவே தார்ப்பாய் விரித்துப் படுத்தார்கள். அரை மணி நேரம் கண்ணை இருட்டுக்குப் பழக்கினாள் துளசி. பிறகு தொலைபேசியின் குரல்பதிவைத் தட்டிவிட்டு அதைக் குப்புறக் கவிழ்த்தாள். ஒவ்வொன்றையும் பார்த்தவுடன் வாயால் சொன்னால் போதும், கண்ணை இறக்க வேண்டியதில்லை.

முதலில் விழுந்ததே பெரியது. "ஒண்ணு" என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, பளீரென்று வெளிச்சம் அடித்தது. அப்பாவு தன் டார்ச்லைட்டை ஒரு செம்பனைக் கன்றின் மேல் பிடித்து அதையே முறைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் மங்களம் தன் தொலைபேசி வெளிச்சத்தில் ஒரு புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அலாமாக்! என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?" என்று எழுந்து உட்கார்ந்தாள் துளசி.

"நட்சத்திரம் விழுறதப் பாத்தா ஒடனே பச்சையப் பாக்கணும்மா. இல்லன்னா மறதி வந்துரும்" என்றார் அப்பாவு.

"உங்களுக்கு இனிமேதான் வரணுமா? தோட்டத்துக் கேட் சாவிய வண்டியிலயே விட்டுட்டுத் தேடுன ஆளுதானே நீங்க?" என்றார் யுகேந்திரன்.

மங்களம் சிரிக்கவில்லை. "எங்கம்மா கடைசில என் பேரையே மறந்துட்டாங்க துளசி. எனக்கு இது வெளையாட்டில்ல."

துளசி நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள். கண் மறுபடி இருட்டுக்குப் பழக இன்னும் அரை மணி ஆகும். கிழக்கே கேமரன் மலைப் பக்கம் மேகம் திரண்டுகொண்டிருந்தது.

யுகேந்திரன் குனிந்து காதோரம் சொன்னார்: "ரெண்டு பேரையும் வேன்ல ஒக்கார வெச்சிடவா?"

"வேணாம்ணே. அவங்களும் பாக்கத்தானே வந்தாங்க." பிறகு மங்களத்தின் பக்கம் திரும்பினாள். "பச்சை கெடைக்கலன்னா உங்க வீட்ல என்ன செய்வீங்க?"

"பூ பேரு சொல்லச் சொல்லுவாங்க அம்மா."

"அது போதுமா?"

"போதும்னுதான் சொல்வாங்க."

"அப்ப பூ பேரே சொல்லுங்க. கத்திச் சொன்னாலும் பரவால்ல. வெளிச்சம் மட்டும் வேணாம்."

அப்பாவு தலையைச் சொறிந்தார். "எனக்குத் தெரிஞ்சது ரோஜாவும் தாமரையும்தான்மா."

"அந்த ரெண்டையே மாத்தி மாத்திச் சொல்லுங்கண்ணே. இந்த நட்சத்திரமெல்லாம் புனர்பூசத்துலேருந்து வருது, அங்க மேல பாருங்க, ஜோடியா ரெண்டு."

"ஐயோ, நான் புனர்பூசம்லா!" என்றாள் மங்களம். அதன் பிறகு அவள் வேறு திசையே பார்க்கவில்லை.

துளசி பழைய பதிவை அழித்தாள். மறுபடி அரை மணி இருட்டு. மறுபடி முதலிலிருந்து.

"ஒண்ணு."

"மல்லி!"

"ரோஜா!"

தன் கண்ணில் பட்டதை மட்டுமே துளசி எண்ணினாள். மற்றவர்கள் கத்தி, தான் பார்க்காமல் போனதைச் சேர்க்கவில்லை. வேறு திசையிலிருந்து வந்தால் "இது வேற" என்று தனியாகச் சொன்னாள். முல்லை, கனகாம்பரம், சாமந்தி என்று போய்க்கொண்டிருந்த மங்களத்துக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது. சொன்னதையே சொன்னால் பலிக்காதோ என்று அவளுக்குப் பயம்.

"வாழப்பூ!"

"அது கறி வெக்கிறதும்மா" என்றார் அப்பாவு.

"பூ பூதானே! முருங்கப்பூ! புங்கா ராயா, அதான் செம்பருத்தி!"

"அரளி!" என்று யுகேந்திரனும் சேர்ந்துகொண்டார். துளசிக்குச் சிரிப்பில் வயிறு குலுங்கியது. பார்வை மட்டும் அசையவில்லை.

மணி முடிகிற நேரத்தில் மேகம் கிழக்கை மூடி, அவள் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தின் ஓரத்தையும் தொட்டது. மேற்கே இன்னும் சுத்தமாக இருந்தது. எழுந்து திரும்பிப் படுக்கலாம்; அதற்குள் ஒன்றிரண்டு தவறிவிடும். குதிகாலை மண்ணில் ஊன்றித் தன்னைத் தானே திருப்பப் பார்த்தாள். தார்ப்பாய் நகரவில்லை.

யுகேந்திரன் எழுந்து வந்தார். தார்ப்பாயின் இரண்டு முனைகளையும் முறுக்கிப் பிடித்து, தங்கையை அதோடு சேர்த்து மெதுவாக மேற்குப் பக்கம் இழுத்துத் திருப்பினார். வானம் அவள் கண்ணுக்கு மேலே சுழன்றது. சுழலும்போதே, "இன்னொண்ணு!" என்றாள்.

"தாமர!" என்றார் அப்பாவு.

கடைசியில், ஒரு மணி நேரத்துக்கு வைத்திருந்த அலாரம் தொலைபேசியில் ஒலித்தது. துளசி கை நீட்டி அதை நிறுத்தினாள். "முடிஞ்சது. முழுசா ஒரு மணி நேரம்."

மங்களம் கைதட்டினாள். புனர்பூசத்தை மேகம் நெருங்கிக்கொண்டிருந்தது, ஈரக்காற்று வீசியது.

"மழை வருது. வா, வேனக் கெளப்புறேன்" என்றார் யுகேந்திரன்.

"இருண்ணே" என்றாள் துளசி, எழுந்திருக்காமல். "இவ்வளவு நேரம் எண்ணிக்கிட்டு இருந்தேன். கொஞ்சம் பாத்துக்கறேன்."