வாத்தியாருக்கு மிஞ்சிய இங்கிலீஷ்

என் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் வாத்தியார் வருடக்கணக்கில் இங்கிலீஷ் வகுப்பு நடத்தினார். இலக்கணத்தைவிட மரபுத்தொடர்கள் என்றால்தான் அவருக்கு உயிர். தும்மினால்கூட ஒன்று வெளியே வரும் என்று நான் கிண்டல் செய்வேன். பக்கத்து அறையில் தையல் மெஷின் ஓட்டும் அவர் மனைவி எங்கள் எல்லோருக்கும் அக்கா. அவருக்கு இங்கிலீஷ் வேப்பங்காயாகக் கசக்கும்.

போன வருடம் வாத்தியாரைப் பக்கவாதம் தாக்கியது. கை கால் தேறிவிட்டது. பேச்சுதான் திரும்பவில்லை, அக்காவின் பெயர்கூட வாயில் வரவில்லை. அந்த மரபுத்தொடர்கள் மட்டும் பிசிறில்லாமல் வந்து விழுந்தன.

"வாய்க்குப் பழகினது தானா வருதும்மா. புரிஞ்சுதான் சொல்றாருன்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர். அது அக்காவின் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. மனுஷன் உள்ளே இருக்கிறாரா இல்லையா? அது தெரியாமல் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

வாத்தியார் எதைச் சொன்னாலும் அக்கா அதை முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கி வருவார்.

"தம்பி, ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்னா என்ன?"

"எப்பவாவது அபூர்வமா நடக்கறது, அக்கா."

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. அத்தி பூத்தாற்போல் கூப்பிட்டுப் பேசும் மகள் போனை வைத்ததும் வாத்தியார் அதைச் சொன்னாராம். மறுநாள், தினமும் வரும் பால்காரரிடமும் அதையே சொன்னார். அக்கா வாடிப்போனார். இன்னொரு நாள் டீயைக் கொட்டிவிட்டு "பீஸ் ஆஃப் கேக்" என்றாராம். ரொம்பச் சுலபமான வேலை என்று அர்த்தம். "கொட்டறது சுலபம்தானேக்கா" என்றேன். அக்கா சிரிக்கவில்லை. சனியன் பிடித்த என் நாக்கு!

டாக்டர் சொன்னதுதான் சரி என்று நானும் முடிவு கட்டிவிட்டேன்.

ஒரு நாள் காலையில் அக்கா சுவரைப் பிடித்தபடி மெதுவாக இறங்கினார்.

"அண்டர் தி வெதர்னா என்ன தம்பி? தைச்சுக்கிட்டு இருந்தேன். வந்து மெஷினை நிறுத்திட்டாரு. என் கழுத்துல கை வச்சுப் பார்த்துட்டு அதையே திரும்பத் திரும்பச் சொல்றாரு."

"உடம்பு சரியில்லைன்னு அர்த்தம். ஏன், வாத்தியாருக்கு என்ன பண்ணுது?"

"அவருக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் நேத்துலேர்ந்து காய்ச்சல். யார்கிட்டயும் சொல்லல."

சொன்னவர் ஸ்டூலில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "பதிலுக்கு இங்கிலீஷ்ல என்ன சொல்லணும் தம்பி?"

"தமிழ்லயே சொல்லுங்கக்கா" என்றேன். "அவருக்குப் புரியும்."