விளிம்பை அளந்தவள்

லேப்பில் எல்லோரும் அவளை மில்லி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. "கொஞ்சம் தடியா இருக்கு", "லேசா தூக்கலா இருக்கு" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு, "கொஞ்சம்னா எத்தனை மில்லி?" என்று மில்லிமீட்டர் கணக்குக் கேட்பாள். பதில் வரும்வரை விடமாட்டாள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்.

பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் வாய் அச்சுகளைப் பார்த்துப் பல் செட்டும் கேப்பும் செய்வது அவள் வேலை. அச்சகம் ஒன்றின் மாடியில் இரண்டு ஜன்னல் வைத்த நீள அறை. மேஜை, நாற்காலி, டெலிபோன் எல்லாவற்றின் மேலும் வெள்ளையாகப் பிளாஸ்டர் தூசி. இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தூசியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஊரில் பாதிப் பேருடைய வாய் அவளுக்குத் தெரியும், முகம் தெரியாது. முன்பல்லில் மெல்லிய வெட்டு இருந்தால், "இந்தம்மா நூலைப் பல்லால கடிக்கிறாங்க, தையல் வேலையா இருக்கும்" என்பாள். ஒரு பக்கக் கடைவாய்ப்பல் மட்டும் மழமழவென்று தேய்ந்திருந்தால் டாக்டருக்கே போன் போட்டு, "இவருக்கு வலது பக்கம் ஏதோ வலி இருக்கு டாக்டர், இடது பக்கமாவே மெல்றார், கேட்டுப் பாருங்க" என்பாள். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

செய்து முடித்ததை ஏழு கிளினிக்குகளுக்கும் அவளே காரில் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஒன்பது வயதான சின்ன வெள்ளைக் கார். வாங்கிய நாளிலிருந்து அவள்தான் ஓட்டுகிறாள். நான்கு கிளினிக்குகள் மேட்டுப் பக்கம். திரும்பி வரும்போது நீளமான இறக்கம், இறக்கத்தின் அடியில் ஒரு சிக்னல்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்த சிக்னலுக்காக பிரேக்கை மிதித்தபோது, பெடல் அவள் பாதத்துக்கடியில் துடித்தது. சத்தம் எதுவும் இல்லை. வண்டி நின்றது, ஒழுங்காகத்தான் நின்றது. ஆனால் நிற்பதற்குள் காலைத் தொட்டுத் தொட்டு எதையோ சொன்ன மாதிரி இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள், இல்லையென்றால் மறந்திருப்பார்கள். மில்லி இரண்டும் செய்யவில்லை. வண்டியைத் திருப்பி மறுபடி மேட்டில் ஏற்றினாள். இந்த முறை மெதுவாக இறங்கி மெதுவாக மிதித்தாள். துடிப்பும் மெதுவாக வந்தது. மூன்றாவது முறை கொஞ்சம் வேகமாக வந்தாள். துடிப்பும் வேகம் பிடித்தது. சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறதோ அத்தனை முறை துடிக்கிறது என்று அவளுக்குப் பட்டது. சிக்னலில் நின்ற போலீஸ்காரர், ஒரே வண்டி மூன்றாம் தடவையாக மேட்டிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னாள். அவர் தபால் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கிறவர், எதற்கும் பதறாத மனிதர்.

"மிதிச்சா நிக்குதா?" என்றார்.

"நிக்குது."

"அப்புறம் என்ன? ஓடுற வரைக்கும் ஓடட்டும்."

அவருடைய தங்கை போனில் இதைக் கேட்டுவிட்டு நேர் எதிராகப் பேசினாள். "அண்ணி, அண்ணன் பேச்சைக் கேக்காதீங்க. நான் வருஷா வருஷம் டிஸ்க்கு, பேட் எல்லாத்தையும் கண்ணை மூடிக்கிட்டு மாத்திடுவேன். பிரேக் விஷயத்துல யோசிக்கவே கூடாது."

மில்லிக்கு இரண்டு பேச்சுமே தொண்டையில் இறங்கவில்லை. ஒருவர் பார்க்காமலே ஓட்டச் சொல்கிறார், இன்னொருத்தி பார்க்காமலே மாற்றச் சொல்கிறாள். ஒரு பொருள் தேய்கிறது என்றால், இன்ன அளவு வரை தேயலாம் என்று ஒரு கணக்கு இருந்துதானே ஆக வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசலில் ஜாக்கி போட்டு முன்பக்க இடது சக்கரத்தைக் கழற்றினாள். கணவர் பேப்பரைப் படித்தபடியே ஸ்பானரை எடுத்துக் கொடுத்தார். சக்கரத்துக்குப் பின்னால் வட்டமாக இரும்பு டிஸ்க் இருந்தது. அதை இரண்டு பக்கமும் கவ்வினாற்போல, மிதிக்கும்போது அதை அழுத்திப் பிடிக்கும் பேட்களைத் தாங்கிய காலிப்பர். டிஸ்க்கின் விளிம்பில் துருவுக்கடியில் ஏதோ எழுத்து. லேப்பில் பல் செட்டைத் தேய்க்கும் சின்னக் கம்பி பிரஷை எடுத்து வந்து தேய்த்தாள். இருபது என்று ஒரு எண்ணும், அதற்கு முன்னால் 'குறைந்தது' என்பதற்கான சுருக்கமும் எழும்பி வந்தன.

"ஏங்க, இங்க பாருங்க! இதுலயே எழுதியிருக்கு! இருபது மில்லி வரைக்கும் தேயலாமாம். ஒன்பது வருஷமா நம்ம வாசல்லயே நின்னுருக்கு, ஒரு நாள் பாக்கலையே!"

தடிமன் அளக்கும் வெர்னியர் அளவுகோலை எடுத்து வந்து டிஸ்க்கைக் கவ்வி அளந்தாள். இருபத்தொன்று புள்ளி ஒன்பது. வெளிப்பக்கத்துப் பேடையும் இடுக்கு வழியாகப் பார்த்தாள். ஆறு மில்லிக்குக் குறையாது.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

"நான்தான் சொன்னேனே," என்றார் கணவர், பேப்பரைத் திருப்பியபடி.

ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமையும் பெடல் துடித்தது. அளவு சரி, துடிப்பும் நிஜம். இரண்டில் ஒன்றுதானே உண்மையாக இருக்க முடியும்? பொட்டுத் தூக்கம் வராத அளவுக்கு அது அவளைக் குடைந்தது. மறுநாள் காலை நேரே மெக்கானிக்கிடம் போனாள்.

அந்த மெக்கானிக்குக்கு 'மாத்திடலாம்' என்று பெயர். எந்த வண்டியைக் கொண்டுபோனாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்த வார்த்தைதான். அறுபதை நெருங்கியவர். அவர் பட்டறையில் இரண்டு வண்டி நிறுத்தலாம். மூன்றாவது வந்தால் வாசலில் வெயிலில் நிற்க வேண்டியதுதான்.

வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். தூக்கி நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கின் மேல் கட்டைவிரலை வைத்து ஒரு இழு இழுத்தார்.

"டிஸ்க் போச்சும்மா. மாத்திடலாம்."

மில்லிக்குச் சுருக்கென்றது. "அளந்தீங்களாண்ணா?"

"விரல் வச்சேன்."

"நான் அளந்தேன். இருபத்தொண்ணு புள்ளி ஒம்பது. இருபது வரைக்கும் தேயலாம்னு அதுலயே போட்டிருக்கு."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எண்ணைப் பார்த்தார். "போட்டிருக்குதான். எந்த இடத்துல வச்சு அளந்தீங்க?"

வெர்னியரை எடுத்துக் காட்டினாள். மேலிருந்து கவ்வினாள். அதே இருபத்தொன்று புள்ளி ஒன்பது.

அவர் சிரிக்கவில்லை. "அதை எடுத்துட்டு உங்க விரலை வைங்கம்மா. நடுவுல வச்சு வெளியே இழுங்க."

வைத்தாள். கண்ணாடி மாதிரி வழவழவென்று போன விரல், விளிம்புக்கு முன்னால் ஒரு திட்டில் இடித்து நின்றது.

"உதடு," என்றார் அவர். "பேட் அது வரைக்கும் போகாது. அதனால விளிம்பு மட்டும் புதுசா அப்படியே நிக்கும், உள்ளே பள்ளம் விழுந்துக்கிட்டே இருக்கும். உங்க அளவுகோல் ரெண்டு பக்கமும் உதட்டு மேல உக்காந்துருக்கு."

மில்லிக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. இருபத்திரண்டு வருஷம் மில்லிமீட்டரிலேயே குடித்தனம் நடத்தியவள், தேயாத இடத்தை அளந்துவிட்டு நல்லாத்தான் இருக்கு என்று சொல்லியிருக்கிறாள்! ஒரு நிமிஷம் வெட்கமாக இருந்தது. அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"அப்ப உள்ளே நிஜமா எவ்வளவு இருக்கு?"

"அது தெரியாது. போச்சுன்னு தெரியும்."

"போச்சுன்னா எவ்வளவு போச்சு?"

"மைக்ரோமீட்டர்னு ஒண்ணு இருந்துச்சும்மா. ஒருத்தர் வாங்கிட்டுப் போனார். இன்னும் கொண்டு வந்துட்டே இருக்கார்."

மில்லி சுற்றுமுற்றும் பார்த்தாள். கைப்பையைத் திறந்து ஒரே மாதிரியான இரண்டு நாணயங்களை எடுத்து ஒவ்வொன்றையும் அளந்தாள். சரியாக ஒன்று புள்ளி எட்டு. லேப் வேலைக்காகப் பையில் எப்போதும் கிடக்கும் ஒட்டுமெழுகை நாணயத்தின் ஓரத்தில் மட்டும் தொட்டு, டிஸ்க்கின் பள்ளத்தில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று நேருக்கு நேராக நிறுத்தினாள். நாணயம் உதட்டைவிட உயரம். இப்போது வெர்னியர் உதட்டில் படாமல் நாணயங்களைக் கவ்வியது. இருபத்து மூன்று புள்ளி நாலு இரண்டு. இரண்டு நாணயத்தின் தடிமனைக் கழித்தாள்.

"பத்தொன்பது புள்ளி எட்டு ரெண்டு," என்றாள் மெல்ல. "இருபதுக்குக் கீழே போயிடுச்சு."

மெக்கானிக் கீழே கிடந்த சாக்கட்டியை எடுத்து டிஸ்க்கில் எட்டு இடத்தில் கோடு போட்டார். "எல்லா இடத்துலயும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க."

அவள் அளந்து சொல்லச் சொல்ல அவர் தரையில் எழுதினார். ஏழு இடத்தில் ஏறக்குறைய ஒரே எண். ஆறாவது கோட்டில் மட்டும் பத்தொன்பது புள்ளி ஏழு நாலு. அவர் சாக்கட்டியால் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார்.

"இதாம்மா உங்க கால்ல துடிச்சது. ஒவ்வொரு சுத்துக்கும் இந்த இடம் வரும்போது பேட் உள்ளே போய் வெளியே வருது."

தலைமுடி தடிமன்கூட இருக்குமோ என்னவோ, அந்த வித்தியாசத்தைத் தன் உள்ளங்கால் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறது என்பதில் மில்லிக்கு உள்ளூரப் பெருமை.

வலது பக்கமும் கழற்றி அளந்தார்கள். இருபது புள்ளி மூன்று. பேட் இரண்டும் ஒரே சீராக ஐந்து மில்லி. பிறகு இடது பக்கத்துக் காலிப்பரைக் கழற்றியபோது இருவரும் ஒன்றாக "அட!" என்றார்கள். வெளிப்பக்கத்துப் பேட் ஆறு மில்லி. உள்பக்கத்தில் இருந்தது இரண்டு மில்லிகூடத் தேறாது. வாசலில் உட்கார்ந்து இடுக்கு வழியாகப் பார்த்தபோது இந்தப் பக்கம் அவள் கண்ணில் படவே இல்லை.

"ஒரே சக்கரம், ஒரே பெடல். இது மட்டும் ஏன் இப்படி?"

மெக்கானிக் காலிப்பரைத் தாங்கும் இரண்டு பின்களையும் உருவப் பார்த்தார். ஒன்று வழுக்கிக்கொண்டு வந்தது. மற்றது அசையவே இல்லை. அதன் ரப்பர் உறை வெடித்து, உள்ளே தண்ணீர் போய்த் துருப்பிடித்திருந்தது. தன் இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிரே வைத்துக் காட்டினார். "மிதிச்சதும் முதல்ல உள்பக்கத்துப் பேட்தான் தள்ளும். அப்புறம் காலிப்பர் இந்தப் பின் மேல நகர்ந்து வெளிப்பக்கத்தை இழுத்துக்கிட்டு வரணும். பின் இறுகிட்டா நகராது. உள்ளே இருக்கறவன் மட்டும் மாடு மாதிரி உழைப்பான்."

"ஒரு பக்கமாவே மென்னுருக்கு," என்றாள் மில்லி.

"எது?"

"ஒண்ணுமில்லண்ணா. சரி, வலது பக்க டிஸ்க்குல இன்னும் புள்ளி மூணு பாக்கி இருக்கே? அதை ஏன் மாத்தணும்?"

அவர் வாய் திறப்பதற்குள் அவளே கையை உயர்த்தினாள். தரையில் எழுத ஆரம்பித்தாள். புது டிஸ்க் எவ்வளவு என்று கேட்டாள். இருபத்திரண்டு என்றார். வண்டி தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வலது பக்கம் அதில் தேய்ந்தது ஒன்று புள்ளி ஏழு. மிச்சமுள்ள புள்ளி மூன்று தேய இன்னும் பதினாறாயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும். புதுப் பேட் எவ்வளவு தாங்கும்? முப்பத்தைந்து, நாற்பதாயிரம் தாங்கும் என்றார்.

"அப்ப பேட் பாதி தேயறதுக்குள்ளயே டிஸ்க் இருபதைத் தொட்டுடும். மறுபடி எல்லாத்தையும் கழட்டணும்."

"அதோட ரெண்டு சக்கரமும் ஒரே மாதிரி பிடிக்கணும்மா. ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னா வண்டி ஒரு பக்கமா இழுத்துட்டுப் போகும்."

மில்லி எழுந்து கையிலிருந்த சாக்கட்டித் தூளைத் தட்டினாள். "மாத்திடலாம்," என்றாள்.

"அது நான் சொல்ற வார்த்தை," என்றார் அவர். முதல் தடவையாகச் சிரித்தார்.

டீ வந்தது. இரண்டு பேரும் டயர் மேல் உட்கார்ந்து குடித்தார்கள். "இவ்வளவு தெரிஞ்சு வச்சுக்கிட்டு ஏன்ணா எல்லார்கிட்டயும் அந்த ஒரே வார்த்தை?" என்று கேட்டாள்.

"காரணம் சொன்னா யாரும் நிக்கிறதில்லம்மா. 'கதை வேண்டாம், மாத்தணுமா கூடாதா, அதைச் சொல்லு'ன்னு கேப்பாங்க. நானும் கதையை விட்டுட்டேன்."

சாமான் மறுநாள் வந்தது. மில்லி அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்தாள். இரண்டு டிஸ்க், நாலு பேட். இறுகிப்போன பின்னுக்குப் பதில் புதுப் பின், புது ரப்பர், கிரீஸ். "நூறு இருநூறு கிலோமீட்டருக்குத் திடீர்னு அழுத்தி மிதிக்காதீங்க. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பழகிக்கட்டும்," என்று சொல்லி அனுப்பினார். இறக்கத்தில் வந்து மிதித்தாள். பெடல் சாதுவாக இறங்கியது, வண்டி நின்றது.

இரவு சாப்பிடும்போது முழுக் கதையையும் சொன்னாள். அவள் உதட்டை அளந்து ஏமாந்த இடத்தில் கணவர் சிரித்தார், காலிப்பர் பின் இறுகிய இடத்தில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "அப்ப என் தங்கச்சி மாதிரி டிஸ்க்கையும் பேடையும் மட்டும் மாத்தியிருந்தா?"

"பின்னைப் பாக்காம விட்டிருந்தா புதுப் பேடும் இதே மாதிரி ஒரு பக்கமா தேஞ்சிருக்கும்."

"என் பேச்சைக் கேட்டிருந்தா?"

அவள் குழம்பை அவர் பக்கம் நகர்த்தினாள்.

இரண்டு வாரம் கழித்து, அவர் விடுமுறையில் இருந்த ஒரு காலை, மில்லி சாவியை எடுத்தாள். "பட்டறைக்குப் போறேன். பின் சக்கரத்துல டிஸ்க் கிடையாதாம், டிரம்மாம். மூடியே இருக்கும்னார். உள்ளே என்ன இருக்குன்னு ஒரு தடவை பாத்துடலாம்னு."

அவர் பேப்பரை மடித்தார். "இரு, நானும் வரேன்."

பட்டறையில் மெக்கானிக் டிரம்மைச் சுற்றி மரச்சுத்தியலால் தட்டினார். மூன்று தட்டுக்கு அது மசியவில்லை. நாலாவதில் கழன்று கையோடு வந்தது. பழுப்புத் தூசி கொட்டியது. உள்ளே பிறை வடிவத்தில் இரண்டு பட்டைகள், குறுக்கே ஸ்பிரிங். மூன்று தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. மில்லி பட்டையின் நடுவில் ஒன்று, இரண்டு ஓரத்தில் ஒவ்வொன்று என்று மூன்று இடத்தில் அளந்தாள்.

"நாலு மில்லி. சீரா இருக்கு."

"அப்படின்னா இது இன்னும் ஓடும்மா," என்றார் மெக்கானிக்.

"எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்டார் கணவர்.