ஆர் சொன்னது?

இரண்டாம் உலக யுத்த காலம். கொழும்பில் பட்டப்படிப்புப் படித்துக்கொண்டிருந்த நான், யுத்தச் செய்திகள் கிராமங்களுக்கு எப்படி வந்து சேருகின்றன என்று ஆராய்ச்சிக் கட்டுரை எழுத, விடுமுறையில் சாவகச்சேரிப் பக்கம் வீடு வீடாகப் போனேன்.

ஒரு வீட்டு வாசல் படலையில் சைக்கிளை நிறுத்தி, கையில் கேள்விக் கடதாசியோடு, "அம்மா, செய்தி..." என்று தொடங்கினேன்.

"ஐயோ, என்ரை ராசா!" என்று அந்த அம்மா நிலத்தில் விழுந்து குழறினா. மகன் மலாயாவில் வேலை. யப்பான்காரன் பிடித்த பிறகு அவனிடமிருந்து கடிதமே இல்லை. என் கடதாசியைச் சாவுத் தந்தி என்று நினைத்துவிட்டா.

"இது தந்தி இல்லை அம்மா!" என்று பதறினேன்.

"அப்ப என்ரை பிள்ளை உயிரோடை இருக்கிறானோ, தம்பி?"

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த முகத்துக்கு முன்னால் வாய் வரவில்லை. "ஓம், இருக்கிறார்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறி ஓடிவிட்டேன்.

நாலு நாள் கழித்து அடுத்த ஊரில் ஒருவரிடம், கடைசியாகக் கேள்விப்பட்ட யுத்தச் செய்தி என்னவென்று கேட்டேன்.

"மலாயாவிலை எங்கடை பெடியள் எல்லாரும் உயிரோடை இருக்கினமாம்."

"ஆர் சொன்னது?"

"கொழும்பிலை படிக்கிற பெடியன் ஒருத்தன் கடதாசியோடை வந்து சொன்னவனாம். படிச்சவன் பொய் சொல்லுவானோ?"

அதையும் எழுதிக்கொண்டேன். கட்டுரைக்கு நல்ல புள்ளி கிடைத்தது. அந்த மகன் திரும்பி வந்தானா என்று இன்றுவரை நான் யாரிடமும் கேட்கவில்லை.