மனைவி காதில் பேஸ் கிட்டார்

எங்கள் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவனைத் தூண் என்று கூப்பிடுவோம். வீட்டில் வைத்த பெயர் அவன் ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. மேடையேறி ஓர் இடத்தில் நின்றானென்றால், நிகழ்ச்சி முடியும்வரை கால் மாற்றி நிற்கக்கூட மாட்டான். விரல்கள் மட்டும் போகும், வரும். பகலில் லிஃப்ட் மெக்கானிக். மாடி மாடியாக ஏறி இறங்கி முடித்துவிட்டு வருகிறவன் சாயங்காலம் நகரவே கூடாது என்று முடிவு பண்ணியிருக்கிறான் போல.

அசையாத ஆள் என்பதால் அமைதியான ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அவனைப் போல் ஒரு பொறாமைக்காரனை நான் பார்த்ததில்லை. மனைவி பல் டாக்டரிடம் போய்விட்டு வந்தால், பல் எப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டான். டாக்டருக்கு என்ன வயது என்று கேட்பான். பக்கத்து வீட்டுப் பூனை அவள் மடியில் ஏறிப் படுத்தபோது, அது ஆணா பெண்ணா என்று விசாரித்திருக்கிறான். கேலிக்காகச் சொல்லவில்லை. அவளே என்னிடம் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்துப் பெருமூச்சும் விட்டாள்.

அவள்தான் எங்கள் குழுவின் முக்கியப் பாடகி. ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுபோய், உள்ளே தனியாக மாட்டிக்கொண்டவளை வெளியே எடுத்தவன் இவன். கதவு திறக்கும்வரை வெளியிலிருந்து எதையோ பேசிக்கொண்டே இருந்தானாம். "முகத்தைப் பாக்கறதுக்கு முன்னாடியே குரல் பிடிச்சுப்போச்சுண்ணா" என்பாள். அவளுக்காகத்தான் அவன் பேஸ் கிட்டாரையே கற்றுக்கொண்டான். அவள் பாடும் மேடையில் தனக்கும் ஒரு சதுர அடி வேண்டும் என்பது அவன் கணக்கு.

என் வேலை மேடை ஓரத்தில். வாசிப்பவர்களும் பாடுபவர்களும் காதில் மாட்டியிருக்கும் இயர்போனுக்குள் என்ன கேட்க வேண்டும் என்பதை ஒரு டேப்லெட்டில் அமைத்துத் தருபவன் நான். ஒவ்வொருவருக்கும் தனித்தனி மிக்ஸ். டிரம்ஸ்காரருக்கு டிரம்ஸ் போதாது. பாடகிக்குத் தன் குரல் வேண்டும், சுருதிக்குக் கீபோர்டு வேண்டும். யாருக்கு எது எவ்வளவு என்பது திரையில் கோடு கோடாக ஏறி இறங்கி நிற்கும். அவள் என்னை அண்ணா என்று கூப்பிடுவதால் தூண் என்னை மச்சான் என்பான். அந்த ஓர் 'அண்ணா'வால்தான் என்மேல் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை என்று நினைக்கிறேன்.

குழுவின் முதலாளி அவளுக்கு ஒரு விலை உயர்ந்த இன்-இயர் இயர்போன் வாங்கிக் கொடுத்தார். ஒரு காதுக்குள் போகும் துண்டுக்குள்ளேயே குட்டிக் குட்டியாக ஆறு ஸ்பீக்கர். அவளோ அதைப் பேருந்தில் பாட்டுக் கேட்கிறவர்கள் மாதிரி காது ஓரத்தில் ஒட்டவைத்துக்கொண்டு, ஒயரைத் தொங்கவிட்டுப் பாடினாள். "சத்தம் சப்பையா இருக்குண்ணா, தகரத்துல தட்டற மாதிரி. பேஸ் கொஞ்சம் ஏத்துங்க" என்பாள். ஏற்றுவேன். அடுத்த நிகழ்ச்சியிலும் ஏற்றச் சொல்வாள். அவள் காதுக்குள் நான் எட்டிப் பார்க்க முடியாது. கேட்டதைக் கொடுத்தேன். கடைசியில் அவள் மிக்ஸில் பேஸின் கோடு உச்சியில் போய் முட்டி நின்றது.

ஒரு நாள் சவுண்ட் செக்கின்போது தூண் அதைப் பார்த்துவிட்டான்.

"மச்சான், இது யாரோடது?"

"உன் பொண்டாட்டியோடது."

"இந்தப் பச்சைக் கோடு?"

"நீதான்."

திரையருகே குனிந்தான். மற்ற கோடுகளெல்லாம் இடுப்பளவு. அவன் மட்டும் தலைக்கு மேல். அன்றைக்கு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். அதற்குமுன் அவன் வாங்கிக் கொடுத்ததாக எனக்கு ஞாபகமில்லை. அதன்பிறகு ஒவ்வொரு சவுண்ட் செக்கிலும் எதையோ தேடுகிறவன் மாதிரி என் மேஜைப் பக்கம் வருவான், ஓரக்கண்ணால் பார்ப்பான், போய்த் தன் இடத்தில் நிற்பான். அந்த நாட்களில் அவன் யாரையும் எதுவும் விசாரிக்கவில்லை. பல் டாக்டர்கூடப் பிழைத்துக்கொண்டார். பேஸ் வாசிக்கிறவனைக் கூட்டத்தில் யாரும் தனியாகக் கேட்பதில்லை. இருக்கும்போது தெரியாது, இல்லாவிட்டால்தான் தெரியும். அப்படிப்பட்டவனுக்குத் தன் மனைவி தன்னைத்தான் எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக் கேட்கிறாள் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? நானும் அதைக் கெடுக்க விரும்பவில்லை.

கெடுக்க வேறு ஆள் வந்தான். புதுக் கீபோர்டுக்காரன். சின்னப் பையன் மாதிரி முகம், எப்போதும் கலைந்த தலை. யார் காதைப் பார்த்தாலும் அளவெடுக்கிற பைத்தியம். ஒரு தகர டப்பா நிறைய இயர்போன் ரப்பர்களும் ஸ்பாஞ்சுகளும் வைத்திருந்தான். முதல் ஒத்திகையிலேயே அவளைப் பார்த்துப் பதறிவிட்டான்.

"அக்கா, அக்கா! இவ்வளவு நல்ல பொருளை இப்படியா போடறது? காத்து உள்ள போகுது, பேஸ் வெளிய ஓடுது. குடுங்க இப்படி."

ஒயரைக் காதுக்கு மேலே சுற்றி எடுத்தான். "வலது காதுக்கு இடது கையைத் தலைக்கு மேல கொண்டுபோய், காதை மேல இழுங்க. வாயைத் திறங்க. இப்ப உள்ள தள்ளித் திருப்புங்க." அவளுக்கு வரவில்லை. அவனே காது மடலைப் பிடித்து இழுத்து உள்ளே வைத்தான். ஒரு ரப்பரை எடுத்தான், இன்னொன்றைப் போட்டான், "ம்னு முனகுங்க" என்றான், மறுபடி மாற்றினான். "உங்க குரல் தலைக்குள்ளேயே கேட்டா அடைச்சுருச்சுன்னு அர்த்தம். உங்களுக்கு வலது காது பெருசு, இடது நடுத்தரம். நிறைய பேருக்கு ரெண்டும் ஒண்ணா இருக்காதுக்கா."

நான் பாட்டை ஓடவிட்டேன். அவள் துள்ளிவிட்டாள்.

"ஐயோ, யாருண்ணா இது, இடி மாதிரி? குறைங்க, குறைங்க!"

குறைத்தேன். இன்னும் குறைக்கச் சொன்னாள். பச்சைக் கோடு உச்சியிலிருந்து இறங்கி, முழங்காலளவில் நின்றது. "இப்பத்தாண்ணா என் குரலே எனக்குக் கேக்குது. ரொம்ப தேங்க்ஸ் தம்பி!" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. இத்தனை நாளும் கத்திக் கத்திப் பாடியிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

தூண் மேடையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். ஒத்திகை முடிந்ததும் நேராக என்னிடம் வந்தான். முகம் சுண்டிப்போயிருந்தது.

"என் பொண்டாட்டி காது எது பெருசு, எது சின்னதுன்னு எனக்கே தெரியாது மச்சான். அவனுக்குத் தெரியுது."

"டேய், அவன் எல்லார் காதையும்தான் பாக்கறான். நேத்து என் காதைப் பிடிச்சு இழுத்தான்."

"உன் காதை யார் வேணா இழுக்கட்டும். அவளைத் துள்ள வச்சது அவன். அவ குறைச்சது என்னை."

"அக்கான்னு கூப்பிடறான். இவ தம்பிங்கறா. அதுக்குமேல என்னடா வேணும் உனக்கு?"

"தம்பின்னா சிரிச்சுக்கிட்டே ஏன் கூப்பிடணும்?"

முன்பு காற்று கசிந்து கனமான சத்தமெல்லாம் வெளியே ஓடியதால்தான் பேஸ் அவ்வளவு தேவைப்பட்டது, இப்போது அடைத்துக்கொண்டது, அதனால் கொஞ்சம் போதும், இதில் அன்பும் இல்லை வம்பும் இல்லை என்று டேப்லெட்டைக் காட்டி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு, "அப்ப ஒழுகினா நான் வேணும், அடைச்சா நான் வேணாம்" என்றான். தலைகீழாக நின்றாலும் அவன் மண்டையில் ஏற்ற முடியாது என்று தெரிந்துபோனது.

வீட்டில் தூண் தூணாகவே இருந்தானாம். சாப்பிடக் கூப்பிட்டால், "தம்பி சாப்பிட்டானா?" என்று கேட்பானாம். அவளுக்கு அப்போது இந்தக் கூத்துக்கெல்லாம் நேரமில்லை. முதன்முதலாக அவள் பெயரைப் போட்டு ஒரு நிகழ்ச்சி ஏற்பாடாகியிருந்தது. மேடையிலேயே பதிவு செய்து, ஆல்பமாக வெளியிடப் போகிறார்கள். மறுபடி பாடுவது, திருத்துவது எல்லாம் கிடையாது. என்ன பாடுகிறாளோ அதுதான்.

அன்று மதியம் சவுண்ட் செக் அருமையாக அமைந்தது. அவள் தொண்டையைத் தளரவிட்டுப் பாடினாள். பச்சைக் கோடு அதே முழங்காலில் நின்றது. தூண் வந்து பார்த்தான், கீபோர்டுக்காரனின் தகர டப்பா இருந்த பக்கமாகப் போனான். அதை நான் கவனித்திருக்க வேண்டாமா? கேபிள் சுற்றிக்கொண்டிருந்தேன்.

நிகழ்ச்சி தொடங்கும் முன் ஒப்பனை அறை வாசலில் அவளைப் பார்த்தேன். சேலை மடிப்பைச் சரிசெய்தபடி நின்றாள். தூண் கையில் அவளுடைய இன்-இயர்.

"இரு, நான் போட்டு விடறேன்" என்றான்.

அவள் கண்கள் விரிந்தன. "நீங்களா?"

ஒயரைக் காதின் மேல் சுற்றினான். மடலை மெல்ல மேலே இழுத்தான். "வாயைத் திற" என்றான். பையன் செய்ததையெல்லாம் ஒன்று விடாமல் படித்து வைத்திருந்தான். அவள் என்னைப் பார்த்து, "இன்னிக்குத்தாண்ணா இவருக்கு என் காது இருக்கற இடமே தெரிஞ்சிருக்கு" என்று சிரித்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

முதல் பாட்டு பாதி போவதற்குள் அவள் தூணைக் காட்டி, விரலை மேலே தூக்கினாள். பேஸை ஏற்று என்று அர்த்தம். எனக்குப் புரியவில்லை. அவள் மிக்ஸை என் ஹெட்போனில் போட்டுப் பார்த்தேன், மதியம் இருந்தபடியே கச்சிதமாக இருந்தது. இருந்தாலும் ஏற்றினேன். மறுபடி அவனைக் காட்டி விரலைத் தூக்கினாள். ஏற்றினேன். பச்சைக் கோடு உச்சிக்குப் போயிற்று. தூணைப் பார்த்தேன். இருந்த இடத்திலேயே நின்றான், ஆனால் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளை மாதிரி இருந்தான். அந்த முகத்தைப் பார்த்ததும்தான் எனக்கு விளங்கியது. படுபாவி, ரப்பரை மாற்றிவிட்டான். இரண்டு காதுக்கும் சின்ன அளவைப் போட்டு விட்டிருக்கிறான்.

இரண்டாவது பாட்டில் அவள் மறுபடி கத்தத் தொடங்கினாள். மேல் சுரத்தில் குரல் ஒரு மயிரிழை இறங்கி நின்றது. கூட்டத்துக்குத் தெரிந்திருக்காது. பதிவில் தெரியும். கீபோர்டுக்காரன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். அவள் முகம் வெளுத்துவிட்டது.

பாட்டு முடிந்து தொகுப்பாளர் பேச வந்ததும், அவள் மைக்கை அரங்குக்குப் போகாமல் அணைத்தேன். அவள் இரண்டு துண்டுகளையும் காதிலிருந்து உருவினாள். ரப்பர்களை விரலால் நசுக்கிப் பார்த்தாள். இரண்டும் ஒரே அளவு. வேறு யாரையும் பார்க்கவில்லை. நேராகத் தூணிடம் நடந்தாள்.

அவளுக்கு ஒன்று மறந்துபோயிருந்தது. அரங்குக்குத்தான் மைக் அணைந்திருந்தது. எங்கள் எல்லோர் காதுக்குள்ளும் அது உயிரோடுதான் இருந்தது. தூணின் மிக்ஸில் எல்லாவற்றுக்கும் மேலே அவன் வைத்திருந்தது அவள் குரலைத்தான். அவன் காதில் ரப்பரும் சரியான அளவு.

"வீட்ல நாள் பூரா உங்களைத்தான் கேக்கறேன்" என்றாள். "இங்க ஒரு ரெண்டு மணி நேரம் என்னை நான் கேட்டுக்கறேன். அதைக்கூட விட மாட்டீங்களா?"

கையை நீட்டினாள். சட்டைப் பையைத் துழாவி இரண்டு ரப்பர்களை எடுத்து உள்ளங்கையில் வைத்தான். அவளே மாட்டினாள், தலைக்கு மேல் கையைச் சுற்றி, வாயைத் திறந்து, யார் உதவியும் இல்லாமல். பிறகு மைக்கில் என்னிடம் சொன்னாள்: "அண்ணா, பேஸை மொத்தமா எடுத்துடுங்க."

எல்லோர் காதிலும் விழுந்தது. கோடு தரையைத் தொடும்வரை இழுத்தேன். எனக்கிருந்த கோபத்தில் அதைச் சந்தோஷமாகத்தான் செய்தேன்.

மூன்றாவது பாட்டு. அப்படி அவள் பாடி நான் கேட்டதில்லை. அடித்தொண்டையிலிருந்து மேலே போகும்போது எந்த இடத்திலும் இடறவில்லை. தூணும் வாசித்தான். ஒன்று சொல்ல வேண்டும், அன்று அவன் தாளம் இம்மியும் பிசகவில்லை. பாட்டு முடிந்ததும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

அவள் கூட்டத்தைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். ஒரு காதிலிருந்து இன்-இயரை உருவிக்கொண்டு தூணைப் பார்த்தாள். கோபமெல்லாம் போயிருந்தது. "பாத்தீங்களா, நான் பாடினதை?" என்று கேட்கிற முகம் அது. சிரித்துக்கொண்டு, அவன் ஏதாவது சொல்லட்டும் என்று நின்றாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. என் டேப்லெட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நின்ற இடத்திலிருந்து ஓர் அடி முன்னால் நகர்ந்து, கீபோர்டுக்காரனை முகவாயால் காட்டி, "அவ காதுலேர்ந்து அவனையும் எடுத்தாச்சா?" என்று விரலை ஆட்டிக் கேட்டான். அங்கே பாருடா முட்டாளே என்று நான் அவள் பக்கம் கையைக் காட்டினேன். அவளுக்குப் பின்னால்தான் கீபோர்டு இருந்தது. கீபோர்டைத்தான் காட்டுகிறேன் என்று எடுத்துக்கொண்டு, தூண் அந்தப் பையனை முறைத்தான். நான் தலையிலடித்துக்கொண்டு மறுபடி அவளைக் காட்டினேன். கடைசியில் அவன் கண் அவளிடம் வந்தபோது, அவள் இன்-இயரைக் காதுக்குள் அழுத்திக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டிருந்தாள். டிரம்ஸ்காரர் குச்சியால் தட்டி அடுத்த பாட்டைத் தொடங்கினார்.